வைட்டமின் ஏ, ஈ மாத்திரைகள்: குறைபாட்டுக்கு எழுதிக் கொடுத்ததை எவ்வளவு, எத்தனை நாள் சாப்பிடலாம்?

தேரடிவாசி (திருவொற்றியூர்)

வணக்கம். என் அண்ணிக்காகக் கேட்கிறேன். வயது 27. கொஞ்ச காலமாகவே உடம்பு இளைத்துக்கொண்டு வந்தார். சாப்பிட்டால் மேல்வயிற்றில் வலி, முதுகு வரை பாயும். மலம் எண்ணெய்ப் பிசுக்காக மிதக்கும், தண்ணீர் ஊற்றினாலும் போகாது. கூச்சத்தில் இதை வீட்டில் யாரிடமும் அவர் சொல்லவில்லை. பொழுது சாய்ந்துவிட்டால் தெருவில் படியும் பள்ளமும் தெரியவில்லை என்று சொன்ன பிறகுதான் அண்ணன் மருத்துவமனைக்கு அழைத்துப் போனார். ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு, கணையம் நாள்பட்டுக் கெட்டிருக்கிறது, கொழுப்பு செரிப்பதில்லை, அதனால் வைட்டமின் ஏ-யும் ஈ-யும் குறைந்திருக்கின்றன என்றார்கள்.

சீட்டில் கொழுப்பைச் செரிக்க வைக்கும் கணைய என்சைம் மாத்திரை, ஏ கேப்ஸ்யூல், ஈ கேப்ஸ்யூல் மூன்றும் இருக்கின்றன. ஏ-க்கு நேரே எழுதியிருக்கும் எண்ணைப் படிக்க முடியவில்லை. எத்தனை நாள் என்றும் இல்லை. மருந்துக்கடையில் 50,000 யூனிட் கேப்ஸ்யூலைக் கொடுத்து, தினம் ஒன்று என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். இதற்கு மேல் எதிர்வீட்டு அம்மா மீன் ஈரல் எண்ணெய் கேப்ஸ்யூல் நல்லது என்று ஒரு டப்பா கொடுத்திருக்கிறார். அண்ணன் தன் பங்குக்குச் சத்து மாத்திரை வாங்கி வைத்திருக்கிறார். எல்லாவற்றையும் சேர்த்துச் சாப்பிடலாமா? இன்னொன்றும் சொல்ல வேண்டும். திருமணமாகி மூன்று ஆண்டுகள் ஆகின்றன, குழந்தைக்காகக் காத்திருக்கிறார்கள்.

வண்ணை மருந்தாளுநர் (பழைய வண்ணாரப்பேட்டை)

தம்பி, கடைசி வரியை முதலில் எழுதியிருக்க வேண்டும். குழந்தை உருவாக வாய்ப்புள்ள பெண் 50,000 யூனிட் வைட்டமின் ஏ-யைத் தினமும் சாப்பிடக் கூடாது. எழுதிக் கொடுத்த மருத்துவரிடம் நேரில் கேட்கும் வரை அந்த ஒரு கேப்ஸ்யூலை நிறுத்தி வையுங்கள். என்சைம் மாத்திரையை நிறுத்த வேண்டாம்.

காரணம் சொல்கிறேன். வைட்டமின் சி, பி போன்றவை தண்ணீரில் கரைபவை, மிஞ்சியது பெரும்பாலும் சிறுநீரில் போய்விடும். ஏ கொழுப்பில் கரைவது. மிஞ்சியதைக் கல்லீரல் சேர்த்து வைக்கும். தினமும் ஊற்றிக்கொண்டே இருந்தால் ஒரு கட்டத்தில் கல்லீரலே அதனால் கெடும். தலைவலி, வாந்தி, உதடு வெடிப்பு, தோல் உலர்ந்து உரிவது, முடி கொட்டுவது, எலும்பு வலி எல்லாம் வரும். மூளையைச் சுற்றியுள்ள நீரின் அழுத்தம் ஏறிப் பார்வை மங்கியவர்களும் உண்டு. கருவில் இருக்கும் குழந்தைக்கோ முகம், இதயம், மூளை உருவாகும் முதல் மாதங்களிலேயே ஊனம் ஏற்படலாம். கர்ப்பம் என்று தெரியவருவதற்குள் அந்த வாரங்களில் பாதி கடந்துவிடும். அதனால்தான் முன்கூட்டியே கவனிக்கச் சொல்கிறேன்.

அட்டையைத் திருப்பிப் பின்பக்கம் பாருங்கள். சில நிறுவனங்கள் ஐ.யு. (யூனிட்) என்றும் சில மைக்ரோகிராம் என்றும் அச்சிடுகின்றன. 1 யூனிட் ரெட்டினால் (கேப்ஸ்யூலில் இருக்கும் வைட்டமின் ஏ) என்பது 0.3 மைக்ரோகிராம். பெண்ணுக்கு ஒரு நாளைக்கு 840 மைக்ரோகிராம் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-இல் பரிந்துரைத்தது. யூனிட் கணக்கில் 2,800. ஆரோக்கியமான பெரியவர் நாள்தோறும் தாண்டக் கூடாத எல்லை 3,000 மைக்ரோகிராம், அதாவது 10,000 யூனிட். உங்கள் கையில் இருக்கும் கேப்ஸ்யூல் ஒன்றே அதைப் போல ஐந்து மடங்கு. மருத்துவர் சில நாட்களுக்கு மட்டும் அவ்வளவு கொடுக்க நினைத்திருக்கலாம், வாரம் ஒன்று என்று நினைத்திருக்கலாம். சீட்டில் நாள் இல்லை என்றால் அதை ஊகித்துச் சொல்ல மருந்துக்கடைக்காரருக்கு உரிமை கிடையாது.

காசிமேட்டுக் காற்று

ஐயா பயமுறுத்துவது போல இருக்கிறது. எங்கள் பக்கம் மீன் எண்ணெய் மாத்திரை சாப்பிடாத வீடே இல்லை. பச்சை நிற வைட்டமின் ஈ கேப்ஸ்யூலை என் தங்கைகள் குண்டூசியால் குத்தி முகத்தில் தடவுகிறார்கள், முடி வளர என்று விழுங்கவும் செய்கிறார்கள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. குறைபாடு இருக்கிறவருக்கு நிறையக் கொடுத்தால்தானே ஏறும்?

வண்ணை மருந்தாளுநர்

காசிமேட்டுத் தம்பிக்கு. மீன் எண்ணெய் வேறு, மீன் ஈரல் எண்ணெய் வேறு. மீனின் சதையிலிருந்து எடுக்கும் எண்ணெயில் ஒமேகா கொழுப்பு இருக்கும், வைட்டமின் ஏ இருக்காது என்றே சொல்லலாம். ஈரலிலிருந்து எடுப்பதில்தான் ஏ-யும் டி-யும் குவிந்திருக்கும். காட் என்ற கடல்மீனின் ஈரல் எண்ணெய் ஒரு தேக்கரண்டியில் ஏறத்தாழ 4,500 யூனிட் ஏ உண்டு. டப்பாவின் மேல் மீன் படம் ஒன்றுதான், உள்ளே இருப்பது ஒன்றல்ல. ஈரல் எண்ணெய், சத்து மாத்திரை, மருத்துவர் எழுதிய ஏ என்று மூன்றும் ஒரே கல்லீரலுக்குத்தான் போகின்றன. மூன்றையும் கூட்டித்தான் கணக்குப் பார்க்க வேண்டும்.

‘நிறையக் கொடுத்தால் ஏறும்’ என்பதற்கும் ஒன்று சொல்கிறேன். இந்த அண்ணிக்குச் சாப்பாட்டில் ஏ இல்லாமல் குறையவில்லை. சாப்பிட்டது உள்ளே போகவில்லை. ஓட்டைக் குடத்தில் எவ்வளவு ஊற்றி என்ன பயன்? ஓட்டையை அடைக்கிற மருந்து என்சைம் மாத்திரை. வைட்டமின் அதற்குத் துணை.

முகப்பருவுக்கு ஐசோட்ரெட்டினாயின் சாப்பிடுகிற பெண்கள் யாராவது இதைப் படித்தால் கவனிக்கவும். அதுவும் வைட்டமின் ஏ-யின் உறவுதான். அதனுடன் ஏ மாத்திரை சேர்க்கக் கூடாது, கர்ப்பம் தரிக்கவும் கூடாது. தங்கைகள் என்ன சாப்பிடுகிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள்.

வியாசைச் செவிலி (வியாசர்பாடி)

எங்களிடம் வருகிற தாய்மார்களுக்காக இதை இங்கே எழுதிவைக்கிறேன். அங்கன்வாடியிலும் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்திலும் குழந்தைகளுக்கு ஊற்றுகிற வைட்டமின் ஏ திரவத்தைப் பற்றி நிறைய வதந்தி. பெரியவருக்கே 10,000 எல்லை என்கிறார்களே, குழந்தைக்கு லட்சக்கணக்கில் எப்படி ஊற்றுகிறீர்கள் என்று ஒரு அம்மா என்னிடம் கோபமாகவே கேட்டார். நியாயமான கேள்வி.

10,000 என்பது நாள்தோறும் சாப்பிடுவதற்கான எல்லை. நாங்கள் கொடுப்பது ஆறு மாதத்துக்கு ஒரு முறை. அதைக் கல்லீரல் வாங்கி வைத்துக்கொண்டு மெல்ல மெல்லச் செலவழிக்கும். 9 மாதத்தில் தட்டம்மைத் தடுப்பூசி போடும்போது 1 லட்சம் யூனிட், பிறகு 5 வயது முடியும் வரை ஆறு மாதத்துக்கு ஒரு முறை 2 லட்சம். மொத்தம் 9 தவணை, 17 லட்சம். குருட்டுத்தன்மையைத் தடுப்பதற்காக 1970-இல் தொடங்கிய திட்டம் இது.

புட்டியுடன் ஒரு சிறு கரண்டி வரும். அதன் உள்பக்கம் இரண்டு கோடுகள் இருக்கும். கீழ்க்கோடு 1 மில்லி, அது 1 லட்சம். மேல்கோடு வரை நிரப்பினால் 2 மில்லி, 2 லட்சம். 9 மாதக் குழந்தைக்குக் கீழ்க்கோட்டைத் தாண்டக் கூடாது. வீட்டுக் கரண்டியில் ஊற்றவே கூடாது. ஊற்றிய அன்றோ மறுநாளோ சில குழந்தைகளுக்கு வாந்தியோ சிணுங்கலோ வரும், கைக்குழந்தைக்கு உச்சிக்குழி கொஞ்சம் உப்பலாம். ஓரிரு நாளில் அடங்கிவிடும். அடங்கவில்லை என்றால் உடனே தூக்கிக்கொண்டு வாருங்கள்.

என்னை வருத்துவது வேறு ஒன்று. அங்கன்வாடியில் ஒரு தவணை, அம்மா வீட்டுக்குப் போன இடத்தில் இன்னொரு தவணை என்று ஒரே மாதத்தில் இரண்டு விழுந்துவிடுகின்றன. அட்டையைக் கொண்டு வராததுதான் காரணம். தாய் சேய் நல அட்டையில் பதிந்து வாங்குங்கள். தட்டம்மை கண்ட குழந்தைக்கும், கண் வெள்ளையில் நுரை போலப் புள்ளி விழுந்த குழந்தைக்கும் மருத்துவர் சிகிச்சைக்காகத் தனியாகக் கொடுப்பார். அது வேறு கணக்கு. அந்தப் பிள்ளைகளை வீட்டில் வைத்து வைத்தியம் பார்க்க வேண்டாம். கருவிழி மெத்தென்று ஆகிவிட்டால் ஒரு நாள்கூடத் தாமதிக்க முடியாது.

பெரம்பூர் அம்மா

செவிலி அக்காவுக்கு நன்றி. என் மகள் பித்தநாளம் அடைபட்டுப் பிறந்தவள். அறுவை சிகிச்சை முடிந்த பிறகு ஏ, டி, ஈ, கே நான்கையும் சொட்டு மருந்தாகக் கொடுத்தோம். பித்தம் குடலுக்கு வராவிட்டால் இந்த நான்கும் உள்ளே ஏறாது என்று மருத்துவர் படம் வரைந்து காட்டினார். வைட்டமின் ஈ-யில் தண்ணீரோடு கலக்கும் ஒரு வகை இருக்கிறது, எண்ணெய் வகை இவளுக்கு உள்ளே ஏறாது என்று அதைத்தான் எழுதினார். ஈ நெடுநாள் குறைந்தால் நரம்பு கெட்டு நடை தள்ளாடும், பிறகு கொடுத்தாலும் முழுவதும் மீளாது என்றும் சொன்னார். ஒவ்வொரு முறையும் ரத்தம் எடுத்துப் பார்த்துத்தான் அளவை மாற்றுவார்கள். பள்ளிக்கூடம் போகிறாள், ஓடி விளையாடுகிறாள். அதனால் தேரடிவாசி, மருந்து என்றாலே பயந்து எல்லாவற்றையும் நிறுத்திவிடாதீர்கள். குறைபாடு உண்மையாக இருந்தால் மருந்து உண்மையாகவே வேண்டும்.

ரத்தினம்மாள் மகள் (புதுவண்ணாரப்பேட்டை)

ஈ-யைப் பற்றி நானும் சொல்ல வேண்டும். என் அம்மாவுக்கு இதய வால்வு மாற்றியிருக்கிறது. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறார். கெண்டைக்கால் இழுக்கிறது என்று யாரோ சொல்லி 400 மில்லிகிராம் ஈ கேப்ஸ்யூலை அவரே வாங்கிச் சாப்பிட ஆரம்பித்தார். சீட்டு கேட்காமல் கொடுத்துவிட்டார்கள். பல் துலக்கும்போது ஈறில் ரத்தம் நிற்கவில்லை, கையில் காரணமில்லாமல் நீலத் தழும்பு. ரத்தம் உறைய எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்க்கும் ஐ.என்.ஆர். பரிசோதனையில் எண் வழக்கத்தைவிட மிகவும் ஏறியிருந்தது. ‘புதிதாக என்ன சாப்பிட்டீர்கள்?’ என்று மருத்துவர் கேட்டபோது, ‘மருந்து எதுவும் இல்லை, வைட்டமின்தான்’ என்றார் அம்மா. ஈ அளவுக்கு மீறினால் வைட்டமின் கே-யின் வேலையைக் கெடுக்கும், ரத்தம் உறைவதற்கு கே வேண்டும் என்று மருத்துவர் பிறகு விளக்கினார். நல்லவேளை, தலையில் கசிவு ஏற்படுவதற்கு முன்னால் தெரிந்தது.

வைட்டமினை மருந்துப் பட்டியலில் சேர்க்காமல் பேசுகிற வழக்கம் எல்லா வீட்டிலும் இருக்கிறது. தயவுசெய்து மாற்றிக்கொள்ளுங்கள்.

எண்ணூர் ஓய்வாளர்

எனக்கு 61. தொழிற்சாலையில் பல ஆண்டுகள் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) தூசியில் வேலை செய்தவன். பீடியை இன்னும் முழுவதும் விடவில்லை. கண்ணுக்கு நல்லது என்று பீட்டா கரோட்டின் மாத்திரை பரிந்துரைத்தார்கள். அது கேரட்டில் இருப்பதுதானே, அதனால் விஷமாகாது என்கிறார்கள். சரியா?

இரவுப்பணி மருத்துவர்

ஐயா, அந்த மாத்திரையை நீங்கள் சாப்பிட வேண்டாம். உங்களைப் போன்றவர்களை வைத்தே இதை ஆராய்ந்திருக்கிறார்கள். பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,000 பேருக்கு மேல் பங்கேற்ற ஆய்வின் முடிவு 1994-இல் வந்தது. தினம் 20 மில்லிகிராம் பீட்டா கரோட்டின் சாப்பிட்டவர்களுக்கு நுரையீரல் புற்று 18 விழுக்காடு கூடியிருந்தது. அமெரிக்காவில் புகைபிடிப்பவர்களையும் கல்நார்த் தூசியில் வேலை செய்தவர்களையும் சேர்த்து நடத்திய ஆய்வில் 30 மில்லிகிராம் பீட்டா கரோட்டினோடு 25,000 யூனிட் ஏ-யும் கொடுத்தார்கள். புற்று 28 விழுக்காடு கூடியதால் 1996-இல் பாதியிலேயே நிறுத்தினார்கள். விழித்திரைத் தேய்வுக்குக் கொடுக்கும் மாத்திரையிலும் இந்தக் காரணத்தால் பீட்டா கரோட்டினை எடுத்துவிட்டு லூட்டின், ஸியாஸாந்தின் என்ற வேறு இரண்டு சத்துகளைச் சேர்க்கும் வழக்கம் வந்துவிட்டது.

கேரட், பப்பாளி, முருங்கைக் கீரை, மஞ்சள் பூசணியைத் தாராளமாகச் சாப்பிடுங்கள். காய்கறியிலுள்ள கரோட்டினை உடம்பு தேவைக்கு ஏற்பத்தான் ஏ-யாக மாற்றும். மிகுதியாகச் சாப்பிட்டால் உள்ளங்கையும் பாதமும் மஞ்சளாகும், கண் வெள்ளை மஞ்சளாகாது. மஞ்சள்காமாலையிலிருந்து அப்படித்தான் பிரித்துப் பார்க்கிறோம். பீடியை விட உதவி வேண்டுமானால் எழுதுங்கள், அது இந்த மாத்திரை எதையும்விட உங்களுக்குப் பெரிய சிகிச்சை.

ஈ பற்றியும் ஒரு கணக்கு. பெரியவரின் நாள் தேவை 15 மில்லிகிராம் அளவுதான். நிலக்கடலை, சூரியகாந்தி எண்ணெய், பாதாம் ஆகியவற்றிலேயே கிடைத்துவிடும். குடலும் பித்தமும் கணையமும் ஒழுங்காக வேலை செய்கிற ஒருவருக்கு ஈ குறைபாடு வருவது மிக அரிது. முடிக்கும் முகத்துக்கும் என்று மாதக்கணக்கில் 400 மில்லிகிராம் கேப்ஸ்யூலை விழுங்குவதற்கு மருத்துவக் காரணம் எதுவும் இல்லை. ஆண்கள் 35,000 பேருக்கு மேல் பங்கேற்ற பெரிய ஆய்வில், தினம் 400 யூனிட் ஈ சாப்பிட்ட பிரிவில் புரோஸ்டேட் புற்று 17 விழுக்காடு கூடியதை 2011-இல் வெளியிட்டார்கள். குறைபாடு உள்ளவருக்கு அதே கேப்ஸ்யூல் நரம்பைக் காக்கும் மருந்து. ஆள் யார் என்பதைப் பொறுத்துத்தான் அது மருந்தா, வீணா, ஆபத்தா என்று சொல்ல முடியும்.

தேரடிவாசிக்கு. மாலைக்கண் எல்லாமே ஏ குறைபாடு அல்ல, பரம்பரையாக வரும் விழித்திரை நோயிலும் இருட்டில் பார்வை மங்கும். எழும்பூர் அரசு கண் மருத்துவமனையில் ஒருமுறை காட்டிவிடுங்கள். உண்மையில் ஏ குறைபாடுதான் என்றால், மருந்து உள்ளே ஏற ஆரம்பித்ததும் இரவுப் பார்வை விரைவாகவே திரும்பும். திரும்பவில்லை என்றால் அளவைக் கூட்டாமல் காரணத்தைத் தேட வேண்டும். துத்தநாகச் சத்து குறைந்திருந்தால் கல்லீரலில் ஏ இருந்தும் ரத்தத்துக்கு வந்து சேராது. உலக சுகாதார நிறுவனத்தின் நெறிமுறையில், பிள்ளை பெறும் வயதுப் பெண்ணுக்கு மாலைக்கண் வந்தால் தினம் 10,000 யூனிட்டுக்கு மேற்படாமலோ வாரம் 25,000-க்கு மேற்படாமலோ கொடுக்கச் சொல்கிறார்கள். கருவிழியே பாதிக்கப்பட்டால் மட்டும் பெரிய தவணை. கணையக் கோளாறு உள்ளவருக்கு இதிலிருந்து மாற்ற வேண்டியிருக்கலாம், அதை அவரைப் பார்க்கும் மருத்துவர்தான் சொல்ல முடியும். கருத்தரிக்கும் விருப்பத்தை அவரிடம் வாய்விட்டுச் சொல்லச் சொல்லுங்கள். நாங்கள் கேட்க மறப்பதும் உண்டு.

காசிமேட்டுக் காற்று

மருத்துவர் ஐயா, ஆட்டு ஈரல் வாரா வாரம் வாங்குகிறோம். கர்ப்பமாக இருக்கிற என் மனைவிக்கு ரத்தம் ஊறும் என்று அதைத்தான் அதிகம் கொடுக்கிறார்கள். நிறுத்த வேண்டுமா?

இரவுப்பணி மருத்துவர்

ஆட்டு ஈரல் 100 கிராமில் 20,000 யூனிட்டுக்கும் மேல் ஏ இருக்கும். கர்ப்ப காலத்தில், குறிப்பாக முதல் மூன்று மாதம், தவிர்ப்பது நல்லது. ரத்தத்துக்கு இரும்புச் சத்து மாத்திரை இருக்கிறது, முட்டை, கீரை, பயறு இருக்கின்றன. உங்கள் ஊரில் கிடைக்கும் நெத்திலியும் கொடுங்கள்.

தேரடிவாசி

அனைவருக்கும் நன்றி. நேற்று அண்ணன், அண்ணி இருவரையும் கூட்டிக்கொண்டு போனேன். டப்பா, அட்டை எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு மேசையில் கொட்டினோம். மருத்துவர் ஒவ்வொன்றையும் திருப்பிப் படித்தார். அவர் எழுதியது வாரம் ஒரு முறை 25,000 என்பதுதான். ஈரல் எண்ணெயை ஒதுக்கிவிட்டார். சத்து மாத்திரையில் ஏ எவ்வளவு என்று பார்த்து, அதையும் இப்போது வேண்டாம் என்றார். ஈ-யைத் தொடரச் சொன்னார், முட்டியில் சுத்தியால் தட்டியும், கண்ணை மூடி நிற்கச் சொல்லியும் நரம்பைச் சோதித்துப் பார்த்தார். கர்ப்பம் இல்லை என்று பரிசோதித்த பிறகுதான் புதுச் சீட்டு எழுதினார். அளவு சீராகும் வரை குழந்தையைத் தள்ளிப்போடச் சொல்லியிருக்கிறார். அண்ணிக்கு அதில் வருத்தம்தான், ஆனாலும் ஒப்புக்கொண்டார்.

எங்களுக்குத் தெரியாத ஒன்றையும் சொன்னார். என்சைம் மாத்திரையைச் சாப்பாட்டுக்குப் பிறகு போட்டுக்கொண்டிருந்தார் அண்ணி. முதல் கவளத்தோடு ஒன்று, நடுவில் ஒன்று என்று சாப்பாட்டோடு கலந்து போக வேண்டுமாம். வைட்டமின்களையும் வெறும் வயிற்றில் போடாமல், எண்ணெயோ முட்டையோ உள்ள சாப்பாட்டோடு, என்சைமுடன் சேர்த்துப் போடச் சொன்னார். கொழுப்பே வேண்டாம் என்று இவ்வளவு நாள் ரசம் சாதமாகவே சாப்பிட்டு வந்தது சரியில்லை என்றும் சொன்னார்.

ஏ, ஈ இரண்டுக்கும் ரத்தப் பரிசோதனை எழுதியிருக்கிறார். தனியார் ஆய்வகத்தில்தான் எடுக்க வேண்டும். ஏதாவது கவனிக்க வேண்டுமா?

வண்ணை மருந்தாளுநர்

காலையில் வெறும் வயிற்றில் போகட்டும். முந்தின நாளே மாத்திரையை நிறுத்த வேண்டுமா என்று ஆய்வகத்தில் கேளுங்கள். ரெட்டினால் வெளிச்சத்தில் சிதையும், ஆகவே ரத்தக் குழாயை வெளிச்சம் படாமல் மூடி எடுத்துச் செல்கிறார்களா என்று பாருங்கள். காய்ச்சலோ சளியோ இருக்கும்போது எடுக்க வேண்டாம், தொற்று இருந்தால் ஏ எண் குறைத்துக் காட்டும். அதைப் பார்த்து அளவைக் கூட்டிவிடுவார்கள். ஈ-க்குக் கொழுப்பு அளவையும் சேர்த்து எடுக்கச் சொல்லுங்கள். ரத்தக் கொழுப்பு குறைந்தவருக்கு ஈ எண்ணும் குறைவாகத் தெரியும், இரண்டையும் ஒப்பிட்டால்தான் சரியாகப் புரியும்.

தேரடிவாசி

அண்ணிக்கு இப்போது இருமல் இருக்கிறது ஐயா. அது தணிந்த பிறகு அடுத்த வாரம் அழைத்துப் போகிறோம். முடிவு வந்ததும் இங்கேயே எழுதுகிறேன்.